ஆமென் யாருடையது?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் ஒன்றின் ஞாயிறு காலை ஆராதனைக்கு முதன்முறை வரும் வேற்று மதத்து நண்பர் பத்து நிமிடத்துக்குள் சங்கடப்பட ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்களே என்று அவரும் எழுந்திருப்பார். அவர் நிமிர்வதற்குள் பக்கத்தில் இருப்பவர் முழங்கால் போட்டிருப்பார். முன்னால் வெள்ளை அங்கியில் நிற்கும் ஆயர் அரை வரி சொல்ல, மீதி அரை வரியை ஆலயமே ஒரே குரலில் சொல்லும். பாதிப் பேர் புத்தகத்தைத் திறக்கக்கூட மாட்டார்கள். வந்தோம், கண்ணை மூடி வேண்டிக்கொண்டோம், கிளம்பினோம் என்று இருக்க முடியாது. வந்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது.

கிறிஸ்தவ ஆராதனையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பிரசங்கத்திலிருந்தோ பாட்டிலிருந்தோ தொடங்குவார்கள். எனக்கென்னவோ இந்த மீதி அரை வரியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது. சபையார் வாயில் இருக்கும் அந்தப் பங்கு கூடிய காலமும் உண்டு, குறைந்த காலமும் உண்டு. ஆராதனையின் வரலாற்றில் முக்கால் பங்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் இந்த ஆராதனையைப் பற்றி எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு ஒரு அரசாங்கக் கடிதம். கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதியது. இந்த ஆட்களை என்ன செய்வது என்று கேட்கிறார். விசாரித்ததில் தெரிந்ததைச் சொல்கிறார்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்கு மாறமாட்டோம் என்று சபதம் செய்கிறார்கள், பிறகு கலைந்துபோய் மறுபடி கூடிச் சாதாரண உணவு சாப்பிடுகிறார்கள். இந்தத் தகவலை உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் அவரே எழுதுகிறார். அந்தப் பெண்கள் சபையில் ஊழியக்காரிகள். மாற்றி மாற்றிப் பாடியது அப்போதே இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒருவர் பாட மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நாற்பது ஆண்டு கழித்து, ஏறத்தாழ 155இல், ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற ஆசிரியர் பேரரசர் அன்டோனினஸ் பயஸுக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். கிறிஸ்தவர்கள் குழந்தைகளைத் தின்கிறார்கள், இருட்டில் தகாதது செய்கிறார்கள் என்றெல்லாம் ஊரில் பேச்சு. அதை மறுக்க வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் அனுமதிக்கும்வரை வாசிக்கப்படுகின்றன, தலைமை தாங்குபவர் எழுந்து புத்தி சொல்கிறார், பிறகு எல்லோரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள், அப்பமும் திராட்சைரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன, தலைவர் தம்மால் இயன்றவரை ஸ்தோத்திரம் ஏறெடுக்கிறார், மக்கள் 'ஆமென்' என்று சொல்லிச் சம்மதிக்கிறார்கள், எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது, வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே எடுத்துச் செல்கிறார்கள். வசதி உள்ளவர்கள் கொடுத்த பணம் தலைவரிடம் சேர்கிறது. அதை அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் என்று பிரித்துக் கொடுக்கிறார்.

இன்றைக்குப் பாளையங்கோட்டையிலோ யாழ்ப்பாணத்திலோ திருவிருந்து (அப்பமும் ரசமும் பங்கிடும் சடங்கு) உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்வந்தவர், ஜஸ்டினின் வரிசையைப் படித்தால் தனக்குத் தெரிந்ததைத்தான் படிப்பார். முதலில் வசனம், பிறகு பந்தி. 1,870 வருடமாக இந்த எலும்புக்கூடு மாறவில்லை.

ஜஸ்டின் அந்த 'ஆமெனை' ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்திச் சொல்வது தற்செயல் அல்ல. அவருக்கு நூறு வருடம் முன்பே அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபையாரோடு இதே விஷயத்தில் சண்டை போட்டிருக்கிறார். அங்கே சிலர் அந்நிய பாஷையில் பரவசமாக ஜெபிக்கிறார்கள். நீ நன்றாகத்தான் ஸ்தோத்திரம் பண்ணுகிறாய், ஆனால் நீ சொல்வது விளங்காத சாதாரண மனிதன் அதற்கு எப்படி ஆமென் சொல்வான் என்று கேட்கிறார் பவுல். ஜெபம் எவ்வளவு உயர்ந்தது என்பது அவருக்குக் கேள்வியே இல்லை. பின்வரிசையில் நிற்பவன் அதில் கையெழுத்துப் போட முடிகிறதா என்பதே அவருடைய கேள்வி. நான்காம் நூற்றாண்டில் வேதாகம அறிஞர் ஜெரோம், ரோமில் சபையார் சொல்லும் ஆமென் இடிமுழக்கம்போல ஒலிக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்.

நம்முடைய ஆராதனைக்கு வருவோம். முதல் மணி அடித்து, இரண்டாம் மணியும் அடித்தாயிற்று. செருப்புகள் வாசலில். பல ஊர்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டிருக்கிறார்கள். பாடகர் குழு முன்னே வர ஆயர் பின்னே வருகிறார். ஆரம்பப் பாட்டு. உடனே பாவ அறிக்கை: முழங்காலில், எல்லோரும் சேர்ந்து, 'நாங்கள்' என்று பன்மையில். வாசகங்கள் மூன்று: பழைய ஏற்பாடு, நிருபம் (அப்போஸ்தலரின் கடிதம்), சுவிசேஷம். எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்பது முன்கூட்டியே அச்சிட்ட அட்டவணையில் இருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தனக்குப் பிடித்த நாலு வசனத்தையே வருடம் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பேசும் ஆயரிடமிருந்து சபையைக் காப்பாற்றுவது அந்த அட்டவணைதான். சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிரசங்கம். விசுவாசப்பிரமாணம், மறுபடி நின்றபடி. பிறகு நாட்டுக்காகவும் மழைக்காகவும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டுதல். இதற்கிடையே அறிவிப்புகள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் செய்ய நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று வாசிக்கப்படும்போது மட்டும் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் பாதி பந்தி. காணிக்கையும் அப்பமும் ரசமும் பீடத்துக்குப் போகின்றன. உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள் என்கிறார் ஆயர். கர்த்தரிடத்தில் உயர்த்துகிறோம் என்கிறது சபை. இந்தக் கேள்வி பதில் மூன்றாம் நூற்றாண்டிலேயே வட ஆப்பிரிக்காவில் வழக்கில் இருந்தது. கார்த்தேஜ் பேராயர் (பிஷப்) சிப்ரியான் அதைக் குறிப்பிடுகிறார். சபை பதில் சொன்ன பிறகுதான் ஆயர் ஸ்தோத்திர ஜெபத்தைத் தொடர முடியும். ஒழுங்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. பிறகு இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் சொன்னவை நினைவுகூரப்படுகின்றன, அப்பம் பிட்கப்படுகிறது, வரிசையாக வந்து முழங்காலில் நின்று வாங்குகிறார்கள். அந்த அப்பத்தில் என்ன நேர்கிறது என்பதில் கத்தோலிக்கர், லூத்தரன்கள், ஆங்கிலிக்கன்கள், காங்கிரிகேஷனல் மரபினர் எல்லோரும் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் இங்கே போகப்போவதில்லை. கையை நீட்டி வாங்கும் கிழவிக்கு அது தெரியாமலும் இருக்கலாம். வாங்கிக்கொண்டு ஆமென் சொல்வதில் அவளுக்குக் குழப்பமில்லை.

இந்தப் பங்கு நடுவில் பறிபோனது. மேற்கு ஐரோப்பாவில் மக்கள் பேச்சு மாறிக்கொண்டே போக, ஆராதனை லத்தீனிலேயே நின்றுவிட்டது. குரு பீடத்தைப் பார்த்து, மக்களுக்கு முதுகு காட்டி, முக்கியமான ஜெபத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னார். மக்கள் தங்கள் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டினார்கள். மணி அடிக்கும்போது நிமிர்ந்து பார்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் என்றால் கொள்கைச் சண்டை என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். வேறொரு கோணத்தில் அது மக்கள் தங்கள் வரிகளைத் திரும்பக் கேட்டது. 1526இல் லூத்தர் ஜெர்மன் மொழி ஆராதனை ஒழுங்கை வெளியிட்டார். 1549இல் இங்கிலாந்தின் ஜெபப்புத்தகம் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதே பள்ளியைச் சேர்ந்தவர். அடுத்த வருடமே அங்கே சின்னதாக ஒரு ஆலயம் கட்டித் தமிழிலும் போர்த்துகீசிய மொழியிலும் ஆராதனை நடத்தினார். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1963 டிசம்பர் 4இல் வெளியான வழிபாட்டு ஆவணத்தின் மூலம் இந்த இடத்துக்கு வந்தது. மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலூக்கத்தோடும் பங்கேற்க வேண்டும் என்பது அதன் அடிநாதம். அதன் பிறகுதான் தமிழ்நாட்டுப் பங்குகளில் திருப்பலி முழுவதும் தமிழில் கேட்கத் தொடங்கியது.

இந்தக் கதையில் தென்னிந்தியாவுக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. இங்கே இருப்பவர்களுக்கே அது அதிகம் தெரியாது. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயம். ஆங்கிலிக்கன்கள், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிடீரியனும் காங்கிரிகேஷனலும் ஏற்கெனவே சேர்ந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆனார்கள். பேராயர் உள்ள சபையும் பேராயரே வேண்டாம் என்று பிரிந்த சபையும் ஒன்றாவது உலகத்தில் அதற்குமுன் நடந்ததில்லை. யாருடைய ஆராதனை முறையும் யார்மேலும் திணிக்கப்படாது என்ற உறுதியின் பேரில்தான் இணைப்பே நடந்தது. ஆனாலும் எல்லோரும் ஒன்றாகக் கூடும்போது எந்தப் புத்தகத்தை விரிப்பது? அதற்காக ஒரு குழு அமைத்தார்கள். 1950இல் அவர்கள் தயாரித்த திருவிருந்து ஒழுங்கு வெளிவந்தது. 1963இல் முழு ஆராதனைப் புத்தகம்.

பழைய பிரிட்டிஷ் புத்தகங்களை வெட்டி ஒட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆயர் மேசைக்குப் பின்னால், மக்களைப் பார்த்து நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். ரோமில் அந்த மாற்றம் வர இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருந்தது. பழைய ஏற்பாட்டு வாசகத்தைத் திருவிருந்துக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஸ்பெயினின் பழைய முறையிலிருந்து ஒரு ஜெபத்தை எடுத்தார்கள். ஆயர் இயேசுவின் வார்த்தைகளைச் சொன்னதும் சபையார் இடையில் புகுந்து, ஆண்டவரே உமது மரணத்தை நினைவுகூருகிறோம், உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிறோம், உமது வருகைக்குக் காத்திருக்கிறோம் என்று அறிக்கையிடும் வரி கீழைச் சபைகளின் சொத்து.

இவை எல்லாவற்றிலும் பெரிய கொடை பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்களிடம் சமாதானம் வழங்கும் பழக்கம் தொன்றுதொட்டு இருந்தது. சி.எஸ்.ஐ. குழு அதை எடுத்துக்கொண்டது. பீடத்திலிருந்து ஆயர் துணைநிற்பவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் இறங்கி வந்து ஒவ்வொரு வரிசையின் முதல் ஆளுக்கும் கொடுப்பார்கள். கொடுப்பவரின் வலக்கை வாங்குபவரின் வலக்கையோடு சேர, இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்வார்கள். இப்படியே பக்கத்து ஆள், அதற்குப் பக்கத்து ஆள் என்று வரிசையின் கடைசிவரை போகும். ஜெபம் முடிந்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துவார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் சொல்லியிருந்தார்; அந்த முத்தம் ஐரோப்பாவில் எப்போதோ மங்கிப்போயிருந்தது. கீழைச் சபைகளில் உயிரோடிருந்து, கேரளம் வழியாகச் சென்னைக்கு வந்து, இங்கிருந்து உலகம் சுற்றியது. பின்னர் வந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் வழிபாட்டு நூல்கள் பலவற்றில் அது இடம்பிடித்தது. நடைமுறையில் இதற்கு ஒரு பல் உண்டு. காணிக்கை படைக்கப் போவதற்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார் அல்லவா? வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகப் பேசாத சித்தப்பா அதே வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? சிலர் அன்றைக்கு இடம் மாறி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே திருச்சபை என்றாலும் ஊருக்கு ஊர் ருசி மாறும். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் மரபு; அங்கே எழுதிவைத்த ஜெபத்தைவிட மனதிலிருந்து செய்யும் ஜெபத்துக்கு மதிப்பு அதிகம். திருநெல்வேலி சர்ச் மிஷன், எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன்களின் மரபு, புத்தகம் கையில் இல்லாவிட்டால் ஆராதனை முடிந்த திருப்தி பெரியவர்களுக்கு வராது. மதுரை அமெரிக்க மிஷன் மண். வருட ஆரம்பத்தில் பல ஆலயங்களில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை மெதடிஸ்டுகள் கொண்டுவந்த சீதனம். ஜான் வெஸ்லி அதை 1755இல் தொடங்கினார். பெரிய வெள்ளியன்று பகல் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு திருமொழிகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனைக்கு வெள்ளைச் சேலையில் கூட்டம் நிரம்பும். அது பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தென் அமெரிக்காவில், பெரு நாட்டு லிமா நகரில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது என்பது அங்கே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியாது. பல சபைகளில் அன்று ஏழு மொழிகளை ஏழு பேர் பேசுவார்கள். அதில் பள்ளி ஆசிரியையும் வாலிபனும் இருப்பார்கள். வருடத்தில் சபையார் பிரசங்க பீடம் ஏறும் அபூர்வ நாள்களில் ஒன்று.

கிராமங்களில் வேறொரு சிக்கல். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் இருக்கும்; சேகர குரு ஒருவர்தான். திருவிருந்து நடத்த அபிஷேகம் பெற்ற குருவால்தான் முடியும் என்பது விதி. ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வருவார், மற்ற ஞாயிறுகளில் அபிஷேகம் பெறாத ஊழியரான உபதேசியார் நடத்துவார். பாட்டு, வாசகம், பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம், முடிந்தது. ஜஸ்டினின் இரண்டாம் பாதி இல்லாமலேயே மாதத்தில் மூன்று ஞாயிறு ஓடிவிடும். இதன் விளைவு சபையாரின் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது: ஆராதனை என்றால் பிரசங்கம், திருவிருந்து அதற்குமேல் ஒரு சேர்மானம். 'இன்னைக்குக் கோயில்ல என்ன?' என்று வீட்டில் இருப்பவர் கேட்டால் ஐயர் (அங்கே ஆயரை அப்படித்தான் அழைப்பார்கள்) என்ன பேசினார் என்றுதான் பதில் வரும். கொள்கை ரீதியாக யாரும் முடிவெடுத்து இது நடக்கவில்லை. ஆள் பற்றாக்குறையும் ஊருக்கு ஊர் உள்ள தூரமும் ஒரு இறையியலை உண்டாக்கிவிட்டன.

சபையாரின் பங்கு என்று பார்த்தால் தமிழில் அதற்குப் பெரிய உருவம் கொடுத்தது கீர்த்தனை. ஜெர்மானியர்கள் கொண்டுவந்த ஞானப்பாட்டு அவர்கள் மெட்டுக்குள் தமிழை மடக்கிவைத்தது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம், பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியோடு ஒன்றாகப் படித்த வேதநாயகம் சாஸ்திரியார் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று எழுதினார். 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இத்தகைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். அதன்பின் சபைகள் அவற்றைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைமாட்டிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். ராகம் தெரியாத பாட்டிமார்கூடப் பல்லவியை இழுத்துப் பிடித்துவிடுவார்கள். எழுத்து தெரியாதவரும் ஆராதனைக்குள் முழு உரிமையோடு நுழைய இது கதவு திறந்தது.

இங்கேதான் ஒரு கசப்பான முடிச்சு விழுகிறது. 1820களின் பிற்பகுதியில் தஞ்சையில் புதிய மிஷனரிகளின்மேல் சாஸ்திரியார் குற்றப்பட்டியல் எழுதினார். வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், ஜாதிகளை ஒன்றாக்கப் பார்க்கிறார்கள், பண்டிகைகளில் பூவை விலக்குகிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள் என்பவை அவர் சொன்ன நான்கு கொடுமைகள். பூவும் பாட்டும் பறிபோவதும் ஒரு தலித் கிறிஸ்தவர் பக்கத்தில் வந்து உட்காருவதும் அவருக்கு ஒரே தராசில் நின்றன. தஞ்சை ஆலயத்தில் அப்போது உட்காரும் இடம் ஜாதிவாரியாகப் பிரிந்திருந்தது. திருவிருந்திலும் வெள்ளாளர் முதலில், மற்றவர் பின்னால். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஜாதி வேற்றுமையைத் திட்டவட்டமாக, உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் நூற்றுக்கணக்கானவர்கள் சபையைவிட்டு வெளியேறினார்கள்.

மக்கள் பங்கேற்பு என்று நான் இதுவரை புகழ்ந்துகொண்டுவந்ததற்கு இது ஒரு சரியான குட்டு. மக்கள் கையில் ஆராதனை வந்தால் மக்களோடு அவர்கள் தெருவும் உள்ளே வரும். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஆலயமே இரண்டு கால் விரித்த வடிவம்: இந்தக் கிளையில் ஒரு ஜாதி, அந்தக் கிளையில் இன்னொரு ஜாதி, சேரும் இடத்தில் பீடம். இருவருக்கும் குரு தெரிவார், ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். கொரிந்துவில் நடந்ததும் இதே ரகம்தான். பணக்காரர் முன்கூட்டியே வந்து தின்று குடித்துவிட, வேலை முடித்து வரும் ஏழை பசியோடு நின்றான். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் எழுதினார். ஒழுங்கு சரியாக இருந்தாலும் பந்தி செல்லாது என்கிறார் அவர். இருக்கைப் பிரிவினை இன்று வெளிப்படையாக இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இன்னும் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அடக்க ஆராதனையும் ஆராதனைதான்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் அதே மண்ணில் வளர்ந்தது: அசனம். ஆலயப் பிரதிஷ்டை நாளிலோ ஸ்தோத்திரப் பண்டிகையிலோ சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பந்தி. முந்தின ராத்திரி ஆலய வளாகத்தில் அண்டா அடுப்பில் ஏறும்; காய் வெட்டவும் வெங்காயம் உரிக்கவும் ஊரே உட்காரும். யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று கணக்குப் பார்க்கும் சமூகத்தில், ஒரே சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவது பீடத்தில் நடப்பதைவிடக் கடினமான திருவிருந்து. எல்லா அசனமும் அந்தக் கணக்கை அழித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

காணிக்கையிலும் இந்த ஊரின் கை தெரியும். சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கை கையில் காசு இல்லாத பெண்களின் காணிக்கை. வீட்டில் எல்லோரும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டதுதான் அது. அறுப்பின் பண்டிகையன்று வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, முதல் ஈட்டு முட்டை, கால் கட்டிய சேவல் எல்லாம் பீடத்துக்கு முன் குவியும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவுபவருக்கு ஊரில் ஒவ்வொருவர் சட்டைப்பையும் அத்துப்படி. சந்தையில் முப்பது ரூபாய் பெறாத தேங்காய் முந்நூறுக்குப் போகும். எடுத்தவர் அதை மறுபடி ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பார். இன்னொருவர் நானூறுக்கு எடுப்பார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வசனத்தை அன்றைக்கு யாரும் பிரசங்கிக்கமாட்டார்கள். இருந்தாலும் நன்கொடைப் பெயர்களை ஒலிபெருக்கியில் தொகையோடு வாசிப்பதைவிட இந்தக் கூச்சலும் சிரிப்பும் எவ்வளவோ மேல்.

கடந்த இருபத்தைந்து வருடத்தில் மாறியது பாட்டு. பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வந்த துதி ஆராதனை எல்லா மரபுகளுக்குள்ளும் பரவிவிட்டது. அதைக் குறைசொல்லும் பெரியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எழுதிவைத்த ஜெபம் தூங்கிவழிந்த இடங்களில் அவர்கள்தான் சாதாரண ஆளை எழுப்பிச் சாட்சி சொல்லவைத்தார்கள். அந்நிய பாஷை பற்றிப் பவுலின் கேள்வி அவர்களுக்கு இருக்கிறது; அவர்கள் கூட்டத்தில் ஆமெனுக்குப் பஞ்சம் இல்லை. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. புதிய பாடல்களில் 'நாங்கள்' குறைந்து 'நான்', 'எனக்கு', 'என் வாழ்வில்' பெருகிவிட்டது. பாவ அறிக்கையை முந்நூறு பேர் பன்மையில் சொல்லிவிட்டு, அடுத்த பாட்டில் முந்நூறு தனி ஆட்களாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று கருவி சம்பந்தப்பட்டது. மேடையில் நான்கு மைக், கீபோர்ட், டிரம்ஸ், சுவரில் திரை. பாடுபவர்கள் பதிவு செய்யப்பட்ட பாடலைக் கேட்டுப் பழகி, அதே ஸ்ருதியில், அதே கமகங்களோடு பாடுகிறார்கள். ஸ்டூடியோவில் ஒரு தேர்ந்த குரல் பாடிய உயரத்தில் ஐம்பது வயது ஆண்களால் பாட முடியாது. இரண்டு வரி முயன்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு கைகட்டி நிற்கிறார்கள். சத்தம் அதிகம் என்பதால் அவர்கள் நிறுத்தியது மேடையில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. 2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடி, ஆராதனை யூடியூபுக்குப் போனபோது இந்தப் போக்கு உச்சத்தைத் தொட்டது. சில சபைகள் அப்பமும் ரசமும் வீட்டில் எடுத்துவைத்துக்கொண்டு திரையின் முன் உட்காருங்கள் என்றன. சில சபைகள் அது செல்லாது, கூடும்வரை காத்திருப்போம் என்றன. நோயாளியின் வீட்டுக்கு ஆளை அனுப்பிய ஜஸ்டினின் சபை இதில் எந்தப் பக்கம் நிற்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது பக்கம் என்றே தோன்றுகிறது, அப்பத்தோடு ஒரு மனிதர் நேரில் வந்து நின்றார் என்பதால்.

திரை வேண்டாம், கீபோர்ட் வேண்டாம் என்று பேசுவதில் பயனில்லை. கீர்த்தனைக்கு வயலின் வந்தபோதும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். செய்ய முடிந்தது மிகச் சின்னது. பயிற்சிக்கு உட்காரும் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ருதியை இரண்டு படி இறக்கிவைத்துக்கொள்ளலாம். மூன்றாம் சரணத்துக்கு டிரம்ஸை நிறுத்தி, முன்வரிசை மைக்குகளை அணைத்துவிடலாம். அந்தச் சரணத்தில் ஆலயம் பாடுகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.